படம் திக்குதா? அடுப்படியைப் பார்ப்பதா, பந்தியைப் பார்ப்பதா?

வீடியோ திக்குகிறது என்றால் முக்கால்வாசிப் பேர் நேராகப் போய்க் கைவைப்பது 'ஹார்டுவேர் ஆக்சிலரேஷன்' (வீடியோ வேலையைக் கிராஃபிக்ஸ் சில்லிடம் ஒப்படைப்பது) என்ற ஒரே பொத்தானில்தான். போட்டிருந்தால் அணைப்பார்கள், அணைத்திருந்தால் போடுவார்கள். சில நேரம் சரியாகிவிடும், ஏன் சரியானது என்று தெரியாது. ஆகவில்லை என்றால் "கணினி பழசாயிருச்சு, புதுசு வாங்கணும்" என்று பேச்சு முடிந்துவிடும். பினாங்கில், அக்கரையில் பிறை, பட்டர்வொர்த் பக்கம் சொந்தக்காரர்கள் வீடு, கோயில் இளைஞர் குழு, ஒரு கல்யாண மண்டபம் என்று இந்த வேலைக்கு என்னைக் கூப்பிடுகிறார்கள். சம்பளம் கிடையாது, ரொட்டி சானாயும் தே தாரேவும் கிடைக்கும். புது கணினி வாங்கித்தான் ஆகவேண்டும் என்று நான் சொன்ன வீடுகள் குறைவு. எந்த வேலை தடுமாறுகிறது என்று தெரிந்தால் பெரும்பாலும் ஒரு வரி மாற்றத்தில் முடிந்துவிடும்.

ஒரு வீடியோ திரைக்கு வருவதற்குள் இரண்டு பெரிய வேலைகள் நடக்கின்றன. முதலாவது டிகோடிங். ஃபைலுக்குள் இருப்பவை பிரேம் எனப்படும் முழுப் படங்கள் அல்ல. 'முந்தைய பிரேமில் இருந்த இந்தக் கட்டத்தைக் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்து, இந்த மூலையை மட்டும் புதிதாகப் போடு' என்பது மாதிரியான குறிப்புகள்தான் பெரும்பகுதி. அவற்றைப் படித்து முழு பிரேமாக ஆக்குவது கணக்கு வேலை. இரண்டாவது ரெண்டரிங். வந்த பிரேமைத் திரையின் அளவுக்குப் பெரிதாக்கி, வெளிச்சம் தனி, நிறம் தனி என்று இருப்பதைச் சிவப்பு-பச்சை-நீலமாக மாற்றி, சப்டைட்டிலை மேலே ஒட்டி, சரியான நேரத்தில் திரைக்கு அனுப்புவது. கல்யாண வீட்டில் சாம்பார் இலைக்கு வந்து சேரவில்லை என்றால், அடுப்படியில் இன்னும் கொதிக்கவில்லையா, பந்தியில் பரிமாற ஆள் பற்றவில்லையா என்றுதானே முதலில் பார்ப்போம்? இங்கேயும் அதே கேள்விதான்.

இந்த இரண்டு வேலைக்கும் கிராஃபிக்ஸ் சில்லுக்குள் தனித்தனி இடம் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பெரிதாக்குவது, நிறம் மாற்றுவது எல்லாம் பொதுவான கிராஃபிக்ஸ் பகுதி செய்வது. அதற்கு எந்தப் புது வித்தையும் சொல்லிக்கொடுக்கலாம். டிகோடர் அப்படியில்லை. அது அச்சில் வார்த்தது. தொழிற்சாலையை விட்டு வெளியே வரும்போது எந்தெந்த வடிவங்களைப் படிக்கத் தெரியுமோ அவ்வளவுதான் கடைசிவரைக்கும். எந்த அப்டேட்டும் அதற்குப் புது வடிவத்தைக் கற்றுக்கொடுக்காது.

எது தடுமாறுகிறது என்று எப்படிப் பார்ப்பது? நான் எம்பிவி என்ற வீடியோ பிளேயரை விரும்புவதற்குப் பெரிய காரணமே இதுதான். படம் ஓடும்போது 'ஐ' எழுத்தைத் தட்டினால் திரையின் மூலையில் ஒரு தகவல் கட்டம் வரும். ஷிஃப்டோடு சேர்த்துத் தட்டினால் அது நிலையாக நிற்கும். அதில் 'டிராப்டு பிரேம்ஸ்' (தவறிப்போன பிரேம்கள்) என்ற வரியில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்றின் பக்கத்தில் 'டிகோடர்', இன்னொன்றின் பக்கத்தில் 'அவுட்புட்' என்று போட்டிருக்கும். முதல் எண் ஏறினால் அடுப்படிக் கோளாறு, இரண்டாவது ஏறினால் பந்தியில் கோளாறு. அதே கட்டத்தில் வீடியோ வடிவத்தின் பெயரோடு 'ஹெச்டபிள்யூ' (ஹார்டுவேர்) என்று வந்து பக்கத்தில் 'விஏஏபிஐ' (லினக்ஸில் சில்லின் டிகோடரை அழைக்கும் வழி) என்றோ வேறு பெயரோ இருந்தால் சில்லுதான் டிகோட் செய்கிறது. அப்படி எதுவும் இல்லாவிட்டால் நீங்கள் எந்த செட்டிங்கைப் போட்டிருந்தாலும் கணினியின் பொதுச் செயலியான சிபியுதான் மூச்சுவாங்கிக்கொண்டு இருக்கிறது என்று பொருள். கன்ட்ரோலோடு 'ஹெச்' தட்டினால் ஓடும் படத்திலேயே ஹார்டுவேர் டிகோடிங்கைப் போட்டு அணைத்து வித்தியாசம் பார்க்கலாம். விஎல்சி வைத்திருப்பவர்கள் கோடெக் (வீடியோ வடிவம்) தகவல் சன்னலில் புள்ளிவிவரப் பக்கத்தைத் திறந்தால் டிகோட் ஆனவை, திரைக்கு வந்தவை, தவறிப்போனவை என்று பிரேம் கணக்கு இருக்கும். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பகுதியில் 'வீடியோ டிகோட்' என்று தனி வரைபடமே உண்டு. படம் ஓடும்போது அது தரையிலேயே கிடந்தால் சில்லு சும்மா உட்கார்ந்திருக்கிறது.

எங்கள் பக்கம் வீட்டு டிவிக்குப் பின்னால் இருப்பவை பெரும்பாலும் அலுவலகங்களிலிருந்து கைமாறி வந்த சின்ன மேசைக் கணினிகள். இப்போது அவை இன்னும் மலிவு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் அதிகாரபூர்வமாக ஏற்பது இன்டெலில் ஓரிரு விதிவிலக்குகள் போக 8ஆம் ஜெனரேஷன் (தலைமுறை) சில்லுகளிலிருந்துதான். அதற்கு முந்தியவை எல்லாம் கடையில் அடுக்கி வைத்து நூறு, இருநூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) போகின்றன. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டால் படம் பார்க்க அருமையான பெட்டி. இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே முதல் தொழிற்சாலையைத் திறந்தது நம் பினாங்கின் பாயான் லெப்பாஸில்தான், 1972-இல். எங்கள் குடும்பங்களிலேயே அங்கே ஷிஃப்ட் பார்த்தவர்கள் நிறையப் பேர். அந்தச் சில்லுக்குள் எந்த ஜெனரேஷனில் எந்த டிகோடர் வந்தது என்று மட்டும் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

கடைக்காரரிடம் "ஐ5-ஆ, ஐ7-ஆ" என்று கேட்பதில் பயனில்லை. படம் பார்க்க ஜெனரேஷன்தான் முக்கியம். 4ஆம் ஜெனரேஷன் ஐ7 ஹெச்.264 வடிவத்தை 4கே வரைக்கும் சில்லிலேயே படிக்கும். ஆனால் 2013-இல் வந்த ஹெச்இவிசி என்ற அடுத்த வடிவத்தை அதன் டிகோடருக்குத் தெரியாது. 2015-இல் வந்த 6ஆம் ஜெனரேஷன் ஹெச்இவிசி படிக்கும், ஆனால் 8 பிட் (நிறத்தைச் சொல்லும் நுணுக்கம்) மட்டும். 10 பிட் ஹெச்இவிசியும் யூடியூப் அனுப்பும் விபி9 வடிவம் முழுமையாகவும் வேண்டுமென்றால் 7ஆம் ஜெனரேஷன். அதற்கும் புதிய வடிவமான ஏவி1 வேண்டுமென்றால் 11. ஆகவே 7ஆம் ஜெனரேஷன் ஐ3 ஒன்று, 4ஆம் ஜெனரேஷன் ஐ7-ஐவிட வீட்டு டிவிக்கு நல்ல பெட்டி. ஐ7 என்ற ஸ்டிக்கருக்காகக் கூடுதல் வெள்ளி கொடுப்பதில் அர்த்தமில்லை.

லினக்ஸில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள 'விஏஇன்ஃபோ' என்று ஒரு சின்ன கட்டளை இருக்கிறது. டெர்மினலில் ஓட்டினால் ஒரு பட்டியல் வரும்: ஒவ்வொரு வரியிலும் இடப்பக்கம் வடிவத்தின் பெயர், வலப்பக்கம் அதில் என்ன செய்யமுடியும் என்பது. 'விஎல்டி' என்று முடியும் வரிகள்தான் டிகோடிங். 'என்க்' என்று வருபவை பதிவு செய்வதற்கு. அவற்றைப் பார்த்துவிட்டு "இருக்கே" என்று நினைக்கக்கூடாது. 'ஹெச்இவிசி மெயின்' என்ற வரி இருந்து 'ஹெச்இவிசி மெயின்10' என்ற வரி இல்லாவிட்டால் அது 6ஆம் ஜெனரேஷனுக்கே உரிய நிலை. பட்டியலே வராமல் பிழை காட்டினால் டிரைவர் (சில்லோடு பேச உதவும் மென்பொருள்) இல்லை. 4ஆம் ஜெனரேஷன் வரைக்கும் 'ஐ965' என்ற பழைய டிரைவர், 5-லிருந்து மேலே 'ஐஹெச்டி' என்ற புதியது. இரண்டையும் நிறுவிவைத்தால் தானாகவே பொருத்தமானதை எடுத்துக்கொள்ளும். டிரைவர் இருந்தும் 'அனுமதி இல்லை' என்று வந்தால் உங்கள் பயனர் கணக்கு 'ரெண்டர்' குழுவில் சேர்க்கப்படவில்லை. சேர்த்து லாக் அவுட் செய்து உள்ளே வரவேண்டும்.

பட்டர்வொர்த் மண்டபத்தில் நடந்ததைச் சொல்கிறேன். வரவேற்பு நிகழ்ச்சி, மேடைக்குப் பக்கத்துப் பெரிய திரையில் நிச்சயதார்த்தத்தில் எடுத்த வீடியோவைப் போடவேண்டும். பெண்ணின் தம்பி ஐபோனில் எடுத்தது. மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் சாயங்காலமே என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, படம் ஓடுது, நிக்குது, ஓடுது, நிக்குது லா. கலரும் செத்துப்போன மாதிரி இருக்கு."

"வேற வீடியோ எதுவும் போட்டுப் பார்த்தீங்களாண்ணே?"

"அதே வீடியோ வாட்ஸ்அப்ல வந்தது நல்லா ஓடுது. ஒரிஜினலுதான் ஓட மாட்டேங்குது. ஒரிஜினலு நல்லா இருக்கணும்ல?"

அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்திலேயே பாதி விடை இருந்தது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது வீடியோவைச் சுருக்கி ஹெச்.264 ஆக மாற்றித்தான் அனுப்பும். ஹெச்.264 என்பது 2003-இல் வந்தது. எந்தப் பழைய பெட்டியும் படிக்கும். அசல் ஃபைல் அப்படியில்லை. ஐபோன்கள் 2017-இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து ஹெச்இவிசியில் பதிவு செய்யத் தொடங்கின. ஐபோன் 12 முதல் ஹெச்டிஆர் என்ற கூடுதல் வெளிச்ச வகையில், 10 பிட்டில். மண்டபத்துக் கணினி 6ஆம் ஜெனரேஷன். எம்பிவியில் போட்டுத் தகவல் கட்டத்தைத் திறந்தேன்: வடிவம் ஹெச்இவிசி, 4கே, நொடிக்கு 60 பிரேம், பிக்சல் வகையில் '10' என்ற எண். ஹெச்டபிள்யூ பக்கம் ஒன்றுமில்லை. டிகோடர் எண் ஏறிக்கொண்டே இருந்தது, அவுட்புட் எண் அசையவில்லை.

இந்த இடத்தில் ரெண்டரிங் செட்டிங்கை என்ன புரட்டினாலும் பயன் இல்லை. வரையும் முறையை டைரக்ட்3டி, ஓபன்ஜிஎல், வல்கன் என்று மாற்றிக்கொண்டே இருக்கலாம். எல்லாம் பந்தியில் ஆள் மாற்றுகிற வேலை. நிகழ்ச்சிக்கு நேரம் இருந்ததால் என் மடிக்கணினியில் ஹேண்ட்பிரேக் என்ற வடிவம் மாற்றும் மென்பொருள் கொண்டு 1080 அளவில், நொடிக்கு 30 பிரேமில் ஹெச்.264 ஆக மாற்றிக்கொண்டு வந்து போட்டேன். அப்படி மாற்றும்போது ஃபில்டர் பகுதியில் நிற வெளியை பிடி.709 (சாதாரணத் திரைக்கு உரியது) என்று தேர்ந்தெடுக்கவேண்டும். இல்லாவிட்டால் ஹெச்டிஆர் படம் சாதாரணத் திரையில் வெளிறிப்போய், பட்டுப்புடவையின் அரக்கு நிறம் துவைத்துத் துவைத்து நைந்த மாதிரி தெரியும். அண்ணன் "கலர் செத்துப்போச்சு" என்றது இதைத்தான். அவர் பயன்படுத்திய பிளேயர் ஹெச்டிஆரைச் சாதாரணத் திரைக்கு ஏற்ப இறக்கிக் காட்டாமல் அப்படியே கொட்டியிருக்கிறது. எம்பிவி இதைத் தானாகவே செய்துவிடும். ஆனால் அது கிராஃபிக்ஸ் பகுதியின் வேலை; டிகோடிங்கோடு சம்பந்தமில்லை. ஒரே ஃபைலில் இரண்டு நோய், இரண்டுக்கும் வேறு வேறு மருந்து.

இப்போது அந்த மண்டபத்தில் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் தாளில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: ஐபோனில் எடுப்பவர்கள் கேமரா செட்டிங்கில் ஃபார்மட்ஸ் பகுதிக்குப் போய் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' போட்டு, ஹெச்டிஆர் வீடியோவை அணைத்துவிட்டு எடுக்கவும். எத்தனை பேர் படிக்கிறார்களோ தெரியாது. வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் மாற்றமில்லாமல் அசலே வரும் என்பதையும் எழுதியிருக்கிறோம், ஏனென்றால் அடுத்த ஆள் நேர் எதிர்ப்பிரச்சினையோடு வருவார்: "தம்பி, ஓடுது, ஆனா மங்கலா இருக்கு."

அடுத்தது ரெண்டரிங் பக்கம் தடுமாறும் கதை. பிறையில் என் மாமா வீடு. 4ஆம் ஜெனரேஷன் பெட்டி, அதோடு புதிதாக வாங்கிய பெரிய 4கே டிவி. பழைய ஹெச்.264 படங்கள்தான் பார்ப்பார். டிவி மாற்றும்வரை எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. டிவி மாறியதும் திக்க ஆரம்பித்தது. அவருடைய முடிவு, டிவி கோளாறு, திருப்பிக் கொடுக்கணும். பார்த்தால் ஹெச்டபிள்யூ பக்கம் விஏஏபிஐ ஒழுங்காக இருக்கிறது, டிகோடர் எண் பூஜ்யம், அவுட்புட் எண் ஏறுகிறது. இணையத்தில் பார்த்து யாரோ எம்பிவியில் 'ஹை-குவாலிட்டி' என்ற புரொஃபைலை (செட்டிங் தொகுப்பு) போட்டுக் கொடுத்திருந்தார்கள். அது நல்ல புரொஃபைல்தான். பெரிதாக்கும்போது உயர்ந்த வகைக் கணக்கைப் பயன்படுத்தும், வானத்தில் தெரியும் பட்டைகளை அழிக்கும். பழைய டிவியில் 1080 படம் 1080 திரைக்குப் போனதால் பெரிதாக்கும் வேலையே கிடையாது. 4கே திரையில் புள்ளிகளின் எண்ணிக்கை நான்கு மடங்கு. பெரிதாக்கும் வேலை முழுவதும் அந்தப் பழைய கிராஃபிக்ஸ் தலையில் விழுந்துவிட்டது. தகவல் கட்டத்தில் '2' தட்டினால் ரெண்டரிங்கின் ஒவ்வொரு படிக்கும் எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பட்டியல் வரும். நொடிக்கு 60 தடவை வரையவேண்டுமென்றால் ஒரு தடவைக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிநொடி, கூட்டுத்தொகை அதைத் தாண்டி நின்றது. புரொஃபைலை 'ஃபாஸ்ட்' என்று மாற்றினேன், பட்டை அழிப்பது மட்டும் இருக்கட்டும் என்று திரும்பப் போட்டேன். சரியாகிவிட்டது. மாமாவுக்கு டிவியைத் திருப்பிக் கொடுக்காததில் கொஞ்சம் ஏமாற்றம், அவருக்கு வேறு நிறுவனத்து டிவி மேல் கண்.

எம்பிவியின் கான்ஃபிக் ஃபைலில் ஹார்டுவேர் டிகோடிங்குக்கு நான் எழுதுவது 'ஆட்டோ-சேஃப்' என்ற மதிப்புதான். பெயருக்கு ஏற்ப, நம்பகமானவை என்று அறியப்பட்ட முறைகளை மட்டும் முயன்று பார்க்கும். முடியாவிட்டால் சிபியுவுக்கே திரும்பிவிடும். 'காப்பி' என்று முடியும் முறைகளும் உண்டு. அவற்றில் சில்லு டிகோட் செய்த பிரேமை மறுபடி பொது நினைவகத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து வரைவதற்கு அனுப்பும். இரண்டு தடவை தூக்கிச் சுமப்பதால் 4கேயில் பழைய பெட்டிகள் இளைக்கும். ஆனாலும் சிபியுவில் ஓடும் ஃபில்டர் எதையாவது சேர்க்கவேண்டுமென்றால் காப்பி முறைதான் வழி. எதுவும் எழுதாமல் விட்டால் எம்பிவி ஹார்டுவேர் டிகோடிங்கைப் போடவே போடாது, அதன் இயல்பு நிலை அணைப்பு. விஎல்சி 3-ஆம் பதிப்பிலிருந்து, அதாவது 2018-லிருந்து, தானாகவே போட்டிருக்கும். ஒரே கணினியில் "விஎல்சியில ஓடுது, எம்பிவியில ஓடல" என்று வருவதற்கும், சில நேரம் அதற்கு நேர்மாறாக வருவதற்கும் இதுவே காரணம்.

எல்லாவற்றுக்கும் ஹார்டுவேர் டிகோடிங் தேவை என்று ஒரு எண்ணம் பரவியிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பழைய டிவிடி, விசிடி எல்லாம் சிபியுவுக்குச் சும்மா. விசிடி என்பது 352-க்கு 288 புள்ளி. எந்தக் கணினியும் தூங்கிக்கொண்டே ஓட்டும். அங்கே அக்கறை காட்டவேண்டியது வேறு ஒன்றில், அதைத்தான் யாரும் கவனிப்பதில்லை.

மலேசியாவில் அந்தக் காலத்து டிவி பால் முறை. நொடிக்கு 25 பிரேம், ஒவ்வொரு பிரேமும் இரண்டு அரைப்படங்களாக, ஒற்றைப்படை வரிகள் ஒரு தடவை, இரட்டைப்படை வரிகள் அடுத்த தடவை என்று பதிவானது. அப்படி நொடிக்கு 50 அரைப்படம். கல்யாணத்துக்கும் தைப்பூசத்துக்கும் கேமராக்காரர் டேப்பில் எடுத்துக் கடையில் டிவிடியாகப் போட்டுக் கொடுத்தவை எல்லாம் இந்த வகை. என் அத்தை வீட்டில் தண்ணீர்மலைத் தைப்பூச டிவிடி ஒன்று இருக்கிறது. காலஞ்சென்ற தாத்தா கடைசியாகக் காவடி எடுத்த வருஷம். அதைக் கணினியில் போட்டால், காவடி சுழலும்போது மயிலிறகுகளின் ஓரம் முழுக்க சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகப் பிரியும். நின்று திருநீறு பூசும் இடத்தில் ஒன்றும் தெரியாது. ஆடத் தொடங்கியதும் கோடு வந்துவிடும். அத்தை டிவிடி கீறல் விழுந்துவிட்டது என்றே நினைத்திருந்தார்கள். இரண்டு அரைப்படங்களுக்கும் இடையில் காவடி நகர்ந்துவிட்டது, பிளேயர் இரண்டையும் ஒன்றாகப் பின்னிக் காட்டுகிறது, அவ்வளவே.

எம்பிவியிலும் விஎல்சியிலும் 'டி' எழுத்தைத் தட்டினால் டீஇன்டர்லேஸ் ஆகும், அதாவது பின்னிய அரைப்படங்கள் பிரியும். ஆனால் அதோடு நிற்கக்கூடாது. சில முறைகள் இரண்டு அரைப்படங்களைக் குழைத்து 25 பிரேமாகக் கொடுத்துவிடும். கோடு போகும், ஆட்டத்தின் வேகமும் கூடப் போய்விடும். விஎல்சியில் டீஇன்டர்லேஸ் முறையை 'யாடிஃப் 2எக்ஸ்' என்று வைத்தால், அல்லது எம்பிவியின் 'பிடபிள்யூடிஐஎஃப்' ஃபில்டரைப் பயன்படுத்தினால், ஒவ்வொரு அரைப்படத்தையும் முழுப்படமாக்கி நொடிக்கு 50 கொடுக்கும். அப்போதுதான் உறுமியின் அடிக்கு ஏற்பக் கால் விழுவது தெரியும். இந்த டிவிடிகளுக்கு நான் ஹார்டுவேர் டிகோடிங்கை அணைத்தே வைக்கிறேன். சுமை இல்லை, ஃபில்டர் தடையில்லாமல் ஓடும்.

அதன் பிறகும் ஒரு சின்ன நடுக்கம் மிச்சம் இருந்தது. கணினி டிவிக்கு நொடிக்கு 60 தடவை அனுப்புகிறது, படம் 50. ஒவ்வொரு ஐந்தாவது படமும் இரண்டு தடவை வரும், கண் அதைப் பிடித்துவிடும். டிஸ்பிளே செட்டிங்கில் 50 ஹெர்ட்ஸ் என்று மாற்றினால் முடிந்தது. இங்கே விற்கும் டிவிகள் சாதாரணமாக 50-ஐ ஏற்கும். கணினி மானிட்டர்கள் பல ஏற்காது. 'கோடி' மாதிரியான பிளேயர்களில் படத்துக்கேற்ப டிவியின் வேகத்தை மாற்றும் வசதி உண்டு, அது செட்டிங்கில் கொஞ்சம் உள்ளே ஒளிந்திருக்கும். 24 பிரேம் சினிமாவுக்கும் அதுவே உதவும். அத்தை அந்த டிவிடியை மறுபடி பார்த்தபோது தாத்தா சலங்கையை உதறுகிற இடத்தில் ரிமோட்டை வாங்கித் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள்.

கறுப்பு சாம்பலாகத் தெரிவது இன்னொரு அடிக்கடி புகார். வீடியோவில் கறுப்பு 16, வெள்ளை 235. கணினித் திரையில் 0-வும் 255-உம். இரண்டில் ஒரு பக்கம் மாற்றிப் புரிந்துகொண்டால் ஒன்று இருட்டு வெளிறும், இல்லாவிட்டால் இருட்டுக்குள் தலைமுடியும் கறுப்புச் சட்டையும் ஒன்றாகிவிடும். பிளேயரில் பிரைட்னஸைத் திருகவேண்டாம். டிவியின் ஹெச்டிஎம்ஐ கறுப்பு நிலை செட்டிங்கையும், லினக்ஸில் இன்டெல் என்றால் 'பிராட்காஸ்ட் ஆர்ஜிபி' என்ற பண்பையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி வைத்தால் போதும்.

எல்லாம் சரியாக இருந்தும் டிகோடர் வேலை செய்யாத ஒரு வகையும் உண்டு. புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் என் மச்சான் ஏஎம்டி ரைசன் மடிக்கணினியில் ஃபெடோரா என்ற லினக்ஸ் வைத்திருக்கிறான். நல்ல கணினி, புதுசு. விஏஇன்ஃபோவில் விபி9 இருக்கிறது, ஏவி1 இருக்கிறது, ஹெச்.264-உம் ஹெச்இவிசியும் மட்டும் காணோம். "மச்சான், உன் பழைய டப்பாவுல இருக்கறது எனக்கு இல்லையாடா?" என்று அவனுக்குக் கோபம். சில்லில் டிகோடர் இருக்கிறது. ஹெச்.264, ஹெச்இவிசி இரண்டும் காப்புரிமைக்கு உட்பட்டவை என்பதால் 2022-இல் ஃபெடோரா தன் மேசா என்ற கிராஃபிக்ஸ் டிரைவரிலிருந்து அவற்றை எடுத்துவிட்டது. ஆர்பிஎம் ஃப்யூஷன் என்ற வெளிக் களஞ்சியத்தைச் சேர்த்து, 'ஃப்ரீவேர்ல்டு' என்று முடியும் மேசா டிரைவரை மாற்றிப் போட்டதும் காணாமல் போன வரிகள் வந்துவிட்டன. ஃபிளாட்பேக் என்ற தனிப்பெட்டி முறையில் பிளேயரை நிறுவியவர்களுக்கும் இதே மாதிரி ஒன்று நேரும்: அது தன் பெட்டிக்குள் இருக்கும் டிரைவரைத்தான் பார்க்கும், கணினியில் நீங்கள் போட்ட டிரைவரை அல்ல. வெளியே விஏஇன்ஃபோ நன்றாகப் பட்டியல் காட்டும், உள்ளே பிளேயர் சிபியுவில் ஓடும். அப்போது சாதாரண நிறுவல் முறையில் அதே பிளேயரைப் போட்டு ஒப்பிட்டுப் பார்ப்பது குறுக்குவழி.

கோயில் இளைஞர் குழு அறிவிப்புத் திரைக்காக ராஸ்பெரி பை 5 என்ற கையளவுக் கணினி வாங்கியது. பை 4-ஐவிட எல்லாவகையிலும் வேகமானது என்று நம்பி வாங்கினார்கள், உண்மைதான். ஆனால் பை 4-இல் இருந்த ஹெச்.264 டிகோடர் பை 5-இல் இல்லை. சில்லில் இருப்பது ஹெச்இவிசிக்கு மட்டும். 1080 ஹெச்.264-ஐ அதன் சிபியு சமாளித்துவிடும், சூடு மட்டும் ஏறும். அறிவிப்புத் திரை கண்ணாடிப் பெட்டிக்குள், காற்றோட்டம் இல்லாத மூலையில் இருந்ததால் வீடியோக்களை எல்லாம் ஹெச்இவிசிக்கு மாற்றிவிட்டோம். ஊரெல்லாம் ஹெச்இவிசியிலிருந்து ஹெச்.264-க்கு மாற்றச் சொல்லும் நான், அங்கே மட்டும் தலைகீழாகச் சொன்னதைப் பையன்கள் இன்றைக்கும் கிண்டல் செய்கிறார்கள்.

தமிழ் சப்டைட்டில் பற்றிச் சுருக்கமாக. கட்டம் கட்டமாக வந்தால் எழுத்துரு இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழை நிறுவி, பிளேயரின் சப்டைட்டில் எழுத்துருவாக அதைக் கொடுக்கவும். 'கொ', 'கோ' எழுத்துகளில் கொம்பு இடம் மாறி நின்றால் பிளேயர் மிகப் பழசு. இப்போதைய எம்பிவி, விஎல்சி இரண்டும் எழுத்துகளை ஒழுங்காகச் சேர்க்கும். லத்தீன் குப்பையாக வந்தால் அந்த ஃபைல் யூனிகோடுக்கு முந்தைய குறியீட்டில் இருக்கிறது, மாற்றிக்கொள்ளவேண்டும். இவற்றில் எதற்கும் ஹார்டுவேர் டிகோடிங் பொறுப்பல்ல, அதை அணைத்துப் பார்த்துப் பயனில்லை.

கடைசியாக யூடியூப், ஏனென்றால் வீட்டில் பார்ப்பதில் பாதிக்கு மேல் அதுதான். பிரவுசர் கேட்கும் வடிவத்தைப் பொறுத்து அது ஏவி1, விபி9, ஹெச்.264 என்று ஏதாவது ஒன்றை அனுப்பும். படம் ஓடும்போது வலது கிளிக் செய்து 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்பதைத் திறந்தால் கோடெக்ஸ் வரியில் 'ஏவி01' என்று தொடங்குகிறதா, 'விபி09' என்றா, 'ஏவிசி1' என்றா என்று தெரியும். தவறிய பிரேம்களின் எண்ணிக்கையும் அங்கேயே இருக்கும். 7 முதல் 10 வரையான ஜெனரேஷன் பெட்டியில் ஏவி01 வந்தால் அது சிபியுவில்தான் ஓடும். ஃபயர்ஃபாக்ஸில் 'அபௌட் கான்ஃபிக்' பக்கத்தில் 'மீடியா ஏவி1 எனேபிள்டு' என்ற வரியை 'ஃபால்ஸ்' ஆக்கினால் யூடியூப் விபி9-ஐ அனுப்பும், அதை இந்தச் சில்லுகள் படித்துவிடும். 4ஆம் ஜெனரேஷன் பெட்டிக்கு விபி9-உம் ஆகாது, ஹெச்.264 மட்டும் வாங்கித்தரும் நீட்சி ஒன்றை பிரவுசரில் சேர்த்து, 1080-ஓடு நிறுத்திக்கொள்வதுதான் வழி. மாமாவின் 4கே டிவியில் யூடியூப் இப்போது அப்படித்தான் ஓடுகிறது.